கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர்

2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ஆம் நாள், திங்கட்கிழமை. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் அவ்வாண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசின் ஒரு பாதி புரூஸ் பியூட்லர், ஜூல்ஸ் ஹாஃப்மன் என்னும் இருவருக்கு. மறு பாதி நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு. செய்தி உலகெங்கும் பரவியது. சில மணி நேரத்துக்குப் பின் வேறொரு செய்தியும் வந்தது. ஸ்டைன்மன் அதற்கு மூன்று நாள் முன்னதாகவே, செப்டம்பர் 30-ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று, கணையப் புற்றுநோயினால் இறந்துபோயிருந்தார். அவருக்கு வயது 68. குடும்பத்தார் அத்துயரச் செய்தியை வெளியுலகுக்கு அப்போது இன்னும் தெரிவித்திருக்கவில்லை. பரிசுக் குழுவினருக்கும் அது தெரியாது.

இறந்தவருக்கு நோபல் பரிசு அளிப்பதில்லை என்பது 1974-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள விதி. அறிவிப்புக்குப் பின் ஒருவர் இறந்தால் பரிசு நிற்கும். அறிவிப்புக்கு முன்னரே இறந்தவரைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. என் செய்வது? நோபல் அறக்கட்டளையினர் கூடி ஆலோசித்தனர். அவர் உயிருடன் இருக்கிறார் என்று நல்லெண்ணத்துடன் நம்பியே முடிவு எடுக்கப்பட்டதால், பரிசு அவருக்கே உரியது என்று தீர்ப்புக் கூறினர். அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அவருடைய மனைவி கிளாடியா அம்மையார் ஸ்டாக்ஹோம் சென்று அதனைப் பெற்றுக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் விதியின் விளையாட்டு என்று பேசி மறந்துவிட்டனர். நாம் இதனை வேறொரு நோக்கில் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். பரிசுக்குரிய கண்டுபிடிப்பு அச்சேறியது 1973-ஆம் ஆண்டில். பரிசு வந்தது 38 ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அம்மனிதரின் உழைப்பை உலகம் எவ்வாறு அளந்தது? விஞ்ஞானிகளுக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது என்கிறார்களே, அது அவரை அறிந்துகொண்டதா?

நம் குடும்பங்களிலும் ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்று பலர் இருக்கின்றனர். விடுமுறைக்கு வீடு வரும் மகள், “அம்மா, என் கட்டுரையை இதுவரை நான்கு பேர்தாம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்” என்று முகம் வாடிச் சொன்னால், அந்த வாட்டத்தின் காரணம் பெற்றோருக்கு விளங்குவதில்லை. அதனை விளக்குவதற்கும் ஸ்டைன்மனின் கதை நமக்கு உதவும்.

மேற்கோள் என்னும் கடன்

விஞ்ஞானி ஒருவர் தாம் கண்டறிந்ததை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வெளியிடுகிறார். அக்கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். தமக்கு முன்னர் அத்துறையில் உழைத்தவர்களுள் யார் யாருடைய கட்டுரைகள் தமக்குத் துணை செய்தன என்பதை அப்பட்டியலில் அவர் குறிப்பிடுகிறார். இதுவே மேற்கோள். கடன் பெற்றவன் கடன் கொடுத்தவனின் பெயரைப் பத்திரத்தில் எழுதி வைப்பதைப் போன்றது இது. பெற்ற கடனை மறைப்பவன் விஞ்ஞான உலகில் நாணயமற்றவன் எனக் கருதப்படுவான்.

இக்கடன் பத்திரங்களை எல்லாம் ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை பேர் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கணக்கிட்டால் என்ன? இவ்வாறு எண்ணியவர் அமெரிக்கராகிய யூஜின் கார்ஃபீல்டு. வழக்கறிஞர்களிடையே நெடுநாளாக வழங்கிய ஒரு முறையே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தது. ஒரு தீர்ப்பைப் பின்வந்த எந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று தொகுக்கும் நூல்வரிசையை ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கியிருந்தார். அதனைப் போலவே விஞ்ஞானத்துக்கும் ஓர் அட்டவணை வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டில் கார்ஃபீல்டு எழுதினார். 1964-ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்து அந்த அட்டவணை முறையாக வெளிவரலாயிற்று. அதன் முதல் தொகுப்பு 613 ஆய்விதழ்களிலிருந்து ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்களைத் திரட்டியிருந்தது.

கார்ஃபீல்டின் முதல் நோக்கம் மனிதர்களைத் தரம் பிரிப்பதன்று. ஒரு கருத்து எங்கே பிறந்து, எவ்வழியாகச் சென்று, எங்கே வளர்ந்தது என்று தேடுவோருக்கு வழித்துணையாக இருக்கவே அவர் அதனைச் செய்தார். ஆனால் எண் என்று ஒன்று கிடைத்துவிட்டால் மனிதர் அதனைக் கொண்டு ஒருவரையொருவர் அளக்காமல் விடுவார்களா? ஆய்விதழ்களுக்குத் தாக்கக் காரணி என்று ஓர் எண் பிறந்தது. ஓர் இதழில் முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகள் இவ்வாண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அவ்வெண். 2005-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியல் அறிஞர் தனி மனிதருக்கும் ஓர் எண்ணை வகுத்தார். எச்-குறியெண் என்பது அதன் பெயர். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் இவ்வெண்கள் பல நாடுகளில் கேட்கப்படலாயின.

கிளை விரிக்கும் உயிரணு

இனி ஸ்டைன்மனிடம் வருவோம். அவர் 1943-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஷெர்புரூக் என்னும் ஊரில் கடை நடத்தியவர். மகன் மெக்கில் பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1968-ஆம் ஆண்டில் மருத்துவரானார். 1970-ஆம் ஆண்டில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஸான்வில் கோன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இறக்கும் வரை அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

அக்காலத்து நோயெதிர்ப்பியலில் ஒரு புதிர் இருந்தது. உடலுக்குள் புகும் நோய்க்கிருமியை எதிர்க்கும் படைவீரர்கள் நிணநீரணுக்கள் என்பது தெரிந்திருந்தது. ஆனால் அவற்றைத் தனியே பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அயற்பொருளை அருகில் விட்டால், அவை வாளாவிருந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வேறு சில உயிரணுக்களும் உடன் இருந்தால்தான் விழித்துச் செயற்பட்டன. அந்தத் துணை உயிரணு எது? கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கணுக்களே அவை என்று பெரும்பாலோர் நம்பினர்.

ஸ்டைன்மன் சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த அணுக்களை நுண்ணோக்கியில் பொறுமையுடன் உற்று நோக்கினார். கண்ணாடியில் ஒட்டியிருந்தவற்றுள் சில, பெருவிழுங்கணுக்களைப் போல் இல்லை. மரம் கிளை விடுவதைப் போல் அவை நாற்புறமும் கைகளை நீட்டின, நீட்டியவற்றை மடக்கின, மீண்டும் வேறு திசையில் நீட்டின. விழுங்கும் தொழிலிலும் அவற்றுக்கு அவ்வளவாக நாட்டமில்லை. எண்ணிக்கையிலோ மண்ணீரல் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவே இருந்தன. மரம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்கு டெண்ட்ரிடிக் செல் என்று பெயரிட்டார். நாம் கிளையணு என்று சொல்லிக்கொள்ளலாம். 1973-ஆம் ஆண்டில் ஸ்டைன்மன், கோன் இருவரும் சேர்ந்து இதனைச் சோதனை மருத்துவத்துக்கான அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர்.

இக்கிளையணுக்களின் பணி இன்று நன்கு விளங்கியிருக்கிறது. தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் அவை காவல் இருக்கின்றன. அயற்பொருள் ஏதேனும் வந்தால் அதன் சிறு துணுக்கைப் பற்றிக்கொண்டு, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் பயணமாகின்றன. அங்கே காத்திருக்கும் டி நிணநீரணுக்களிடம் அத்துணுக்கைக் காட்டி, ‘இவனே பகைவன்’ என்று அடையாளம் சொல்லுகின்றன. அதன் பின்னரே படை புறப்படுகிறது. உடலின் சொந்தப் பொருள்களைத் தாக்காமல் விடுவதற்கும் அவையே கற்பிக்கின்றன. பச்சிளங்குழந்தையின் கையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோமே, அவ்வூசி மருந்தின் செய்தியை உள்ளே எடுத்துச் செல்லும் தூதரும் இவையே.

இருபதாண்டு மௌனம்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை உலகம் கைதட்டி வரவேற்றிருக்கும் என்று எண்ணுகிறோம். நடந்தது அதுவன்று. பலர் ஐயுற்றனர். புதிய அணு என்று ஒன்றில்லை. பெருவிழுங்கணுவே உருமாறித் தோன்றுகிறது என்றனர் சிலர். 1978-ஆம் ஆண்டில் ஸ்டைன்மன் மற்றொரு சோதனையை வெளியிட்டார். நிணநீரணுக்களைத் தூண்டுவதில் கிளையணுக்கள் ஏனைய அணுக்களைவிடக் குறைந்தது நூறு மடங்கு ஆற்றலுடையவை என்று அது காட்டியது. அப்போதும் ஐயம் தீரவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் அவ்வணுக்களை ஆராய்ந்தவர்கள் அவருடைய ஆய்வுக்கூடத்தாரும் வேறு ஒரு சிலருமே.

இதில் எதிர்த்தவர்களின் பிடிவாதம் மட்டும் காரணமன்று. நேர்மையான இடையூறும் ஒன்று இருந்தது. நூற்றில் ஒன்றாகக் கலந்திருக்கும் அணுக்களைப் பிரித்தெடுப்பது மிகக் கடினமான வேலை. பழகிய கைகளுக்கே அது கைவரும். பிற ஆய்வுக்கூடத்தார் முயன்று பார்த்தால் அணுக்கள் போதிய அளவில் கிடைப்பதில்லை. தம் கையால் செய்து பார்க்க இயலாத ஒன்றை அவர்கள் எவ்வாறு நம்புவார்கள்? நம்பினாலும் அதனைக் கொண்டு என்ன ஆராய்ச்சியைத் தொடர்வார்கள்?

முன்னே சொன்ன தாக்கக் காரணியை வாசகர் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். அது இரண்டு ஆண்டுகளையே கணக்கில் கொள்வது. 1973-ஆம் ஆண்டுக் கட்டுரை அக்கணக்கில் இடம்பெறுவது 1974, 1975 ஆகிய இரண்டே ஆண்டுகளில். அதன் பிறகு எத்தனை ஆயிரம் பேர் அதனைப் போற்றினாலும் அவ்வெண் ஒரு புள்ளியும் உயராது. இரண்டாண்டுத் தராசில் இருபதாண்டு விதையை நிறுத்துப் பார்த்தால் அது பதராகவே தோன்றும்.

விதைநெல் கிடைத்தபோது

மாற்றம் 1992-ஆம் ஆண்டில் வந்தது. ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரத்து ஆராய்ச்சியாளராகிய காயோ இனாபா அம்மையார், ஸ்டைன்மனுடனும் பிறருடனும் சேர்ந்து ஒரு செய்முறையை வெளியிட்டார். சுண்டெலியின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த அணுக்களுக்கு வளர்ச்சியூக்கி ஒன்றைக் கொடுத்து, கிளையணுக்களைக் கலத்திலேயே மிகுதியாக வளர்த்தெடுக்கும் முறை அது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் ழாக் பான்ஷெரோவின் குழுவினர் மனித அணுக்களிலிருந்து அவற்றை வளர்த்துக் காட்டினர். 1994-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஃபெடெரிக்கா சல்லுஸ்டோ, அந்தோனியோ லான்சவெக்கியா ஆகிய இருவரும் மனித இரத்தத்திலிருந்தே அவற்றை எளிதில் பெருக்கும் முறையை வெளியிட்டனர்.

ஓர் உழவரிடம் மட்டும் அரிய நெல்வகை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரார் அதனை வியப்பார்கள் அல்லது பொய் என்பார்கள். அவர் விதைநெல்லை ஊருக்கெல்லாம் பகிர்ந்தளித்த பின்னரே அது எல்லார் வயலிலும் விளையும். எல்லார் வாயிலும் அதன் பெயர் வழங்கும். கிளையணுக்களின் கதையும் அவ்வாறே ஆயிற்று. செய்முறை பரவியது, நூற்றுக்கணக்கான ஆய்வுக்கூடங்கள் அதனைக் கைக்கொண்டன, கட்டுரைகள் பெருகின, ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ஸ்டைன்மனின் பெயர் ஏறியது. 1998-ஆம் ஆண்டில் பான்ஷெரோவும் ஸ்டைன்மனும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய தொகுப்புரை பதினாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது.

இப்பெருக்கத்தின் பொருள் யாது? 1973-இல் உண்மையாக இருந்தது 1992-இல் இன்னும் கூடுதலான உண்மையாகிவிடவில்லை. மாறியது பிறரின் கைகளுக்கு எட்டும் நிலைமை. ஆகவே மேற்கோள் எண்ணிக்கை உண்மையை அளப்பதன்று, பயன்பாட்டை அளப்பது. இன்னார் சொன்னது சரியா என்ற கேள்விக்கு அது விடையளிக்காது. இன்னார் சொன்னதை எத்தனை பேர் எடுத்து வேலை செய்கிறார்கள் என்ற கேள்விக்கே விடையளிக்கும். பயன்படுவது பெருமைதான். எனினும் இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

எண் மறைப்பவை

இம்மயக்கத்தைத் தெளிவிக்க இன்னும் சில செய்திகளைச் சொல்லுவோம்.

உலகிலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது? 1951-ஆம் ஆண்டில் ஆலிவர் லௌரி என்பவரும் உடனுழைத்தோரும், ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை விளக்கி எழுதிய கட்டுரை. 2014-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அது மூன்று லட்சம் முறைக்கு மேல் எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. பேரண்டத்தின் இரகசியத்தையோ கொடிய நோயின் காரணத்தையோ அது சொல்லவில்லை. ஆய்வுக்கூடம் தோறும் அன்றாடம் தேவைப்படும் நல்லதோர் அளவுமுறையைச் சொல்லிற்று. அவ்வளவே. அதே கணக்கில், பதிவான ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம் கட்டுரைகளில் ஆயிரம் முறைக்கு மேல் மேற்கோள் பெற்றவை சுமார் 14,500 மட்டுமே. ஏறத்தாழப் பாதிக் கட்டுரைகளை ஒருவரே எடுத்துக்காட்டியிருந்தார், அல்லது ஒருவரும் எடுத்துக்காட்டவில்லை. நான்கு மேற்கோள் என்று முகம் வாடிய மகளுக்கு இச்செய்தியை நாம் சொல்லலாம்.

மற்றொன்று: கண்டுபிடிப்பைச் சொன்ன 1973-ஆம் ஆண்டுக் கட்டுரையைவிட, 25 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட தொகுப்புரையே மிகுதியாக மேற்கோள் பெற்றது. பின்வருவோர் மூலத்தைத் தேடிச் செல்லாமல், எளிதில் கிடைக்கும் சுருக்கத்தையே சுட்டுகின்றனர். இன்னும் காலம் சென்றால் அதுவும் நின்றுவிடும். ஒரு கருத்து எல்லார்க்கும் பொதுவுடைமையாகிவிட்டால் அதனைத் தந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்டன் இதனை எடுத்துரைத்தார். நம் வீட்டுச் சமையலை எண்ணிப் பாருங்கள். மீன் குழம்புக்குப் புளி கரைக்கும் பதம் எந்தப் பாட்டி கண்டது என்று யார் சொல்லிச் சமைக்கிறார்கள்? மிகப் பெரிய கொடையாளர்களின் பெயரே முதலில் மறைந்துபோகிறது.

கிளையணுக்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. 1868-ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவ மாணவர் மனிதத் தோலில் கிளை விரித்த அணுக்களைக் கண்டு வரைந்து வைத்தார். அவை நரம்பைச் சார்ந்தவை என்று அவர் கருதினார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே அவை ஸ்டைன்மனின் கிளையணுக்களுக்கு உறவானவை என்று தெளிவாயிற்று.

நம் வாசகர்கள் நன்கறிந்த கிரகோர் மெண்டலையும் இங்கே நினைக்காமல் இருக்க இயலவில்லை. புருன் நகரத்து அகுஸ்தீனார் மடத்துக் குருவாகிய அவர், பட்டாணிச் செடிகளைப் பல்லாண்டு வளர்த்துப் பாரம்பரிய விதிகளைக் கண்டு 1866-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 34 ஆண்டுகள் அதனை எடுத்துக்காட்டியவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. 1900-ஆம் ஆண்டில் அறிஞர் உலகம் அதனைத் திரும்பக் கண்டறிந்தபோது அவர் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. நெடுங்காலம் உறங்கிப் பின் விழிக்கும் கட்டுரைகளுக்கு ‘உறங்கும் அழகியர்’ என்று 2004-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் ஆன்டனி வான் ரான் பெயர் சூட்டினார்.

எண்ணுக்காக உழைப்போர்

எண்ணைக் கொண்டு சோறும் பதவியும் அளக்கப்படும்போது, எண்ணுக்காகவே உழைக்கும் இழிநிலையும் தோன்றுகிறது. தம் கட்டுரையைத் தாமே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவோர் உண்டு. ‘என்னை நீர் காட்டும், உம்மை நான் காட்டுகிறேன்’ என்று உடன்படிக்கை செய்துகொள்வோரும் உண்டு. ஒரே ஆய்வை நான்கு துண்டாக்கி நான்கு கட்டுரைகளாக வெளியிடுவோரும் உண்டு. மேலும், நோயெதிர்ப்பியலில் ஆயிரக்கணக்கானோர் எழுதுகின்றனர், பட்டியல்களும் நீளமானவை. கணிதத்திலோ எழுதுவோர் குறைவு, பட்டியல்களும் சிறியவை. இருதுறையினரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுதல், பூவைப் படியால் அளந்து நெல்லை முழத்தால் அளப்பதற்கு ஒப்பாகும்.

இக்கேட்டினை உணர்ந்த அறிஞர்கள் 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் கூடி ஓர் அறிக்கையை உருவாக்கினர். அது 2013-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கட்டுரை வெளிவந்த இதழின் எண்ணைக் கொண்டு அதனை எழுதியவரை எடை போடாதீர்கள். கட்டுரையைப் படித்துப் பார்த்து மதிப்பிடுங்கள் என்பதே அதன் சாரம். மிக எளிய அறிவுரைதான். ஆயினும் படித்துப் பார்ப்பதற்குப் பொழுது வேண்டும். எண்ணைப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும்.

அதற்காக எண்ணை அடியோடு இகழ்வதும் நேர்மையாகாது. மேற்கோள் கணக்கைக் கொண்டு நோபல் பரிசுக்குத் தகுதியானோர் எனச் சிலரை ஆண்டுதோறும் பட்டியலிடும் வழக்கம் ஒன்று உண்டு. 2010-ஆம் ஆண்டின் மருத்துவப் பட்டியலில் ஸ்டைன்மனின் பெயர் இருந்தது. அதாவது பரிசுக்கு ஓராண்டு முன்னரே எண் அவரைச் சுட்டிக்காட்டிவிட்டது. அதே பட்டியலில் இருந்த ஜப்பானியராகிய ஷின்யா யமனாகா 2012-இல் பரிசு பெற்றார். குருத்தணுக்களை ஆராய்ந்த கனடா நாட்டு எர்னஸ்ட் மக்கலக் என்பவரும் அப்பட்டியலில் இருந்தார். அவர் 2011 ஜனவரியில் இறந்துபோனார். நோபல் பரிசு அவருக்கு வரவே இல்லை. நல்ல எண் நல்லவரைக் கண்டுபிடிக்கும். ஆனால் காலம் தாழ்த்திக் கண்டுபிடிக்கும்.

தம் மீதே ஒரு சோதனை

2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்டைன்மனுக்குக் கணையத்தில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் ஓராண்டுக்குமேல் வாழ்வதில்லை. அவர் அறுவைச் சிகிச்சையும் வழக்கமான மருந்துகளும் ஏற்றுக்கொண்டார். அத்துடன், தாம் கண்டறிந்த உயிரணுக்களையே தம் நோய்க்கு மருந்தாக்கவும் முற்பட்டார். உலகின் பல ஆய்வுக்கூடங்களிலிருந்த நண்பர்களும் பழைய மாணவர்களும் உதவிக்கு வந்தனர். அவர் உடலிலிருந்து கிளையணுக்களைப் பிரித்தெடுத்து, அவருடைய கட்டியின் அடையாளத்தை அவற்றுக்குக் காட்டி, அவருக்கே திரும்பச் செலுத்தினர். உரிய அனுமதிகளைப் பெற்று இவ்வாறு பலவகைச் சோதனைச் சிகிச்சைகளை அவர் மேற்கொண்டார்.

நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளைக் கிளையணுக்கள் தந்தனவா, அறுவைச் சிகிச்சை தந்ததா? ஒரு மனிதரிடம் செய்த சோதனையைக் கொண்டு ஏதும் நிறுவ இயலாது. வாழ்நாளெல்லாம் சான்று கேட்டே பழகிய அவரும் அதனை நன்கறிந்திருந்தார். கடைசிக் காலம் வரை அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. கிளையணுக்களின் வழியே புற்றுநோயை எதிர்க்கும் முயற்சி இன்று பல நாடுகளில் தொடர்கிறது. அவ்வழியில் அமைந்த சிகிச்சை ஒன்றை, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்காக, 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது.

அந்த டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் சொற்பொழிவை ஆற்ற வேண்டியவர் இல்லை. அவருக்குப் பதிலாக, அவரிடம் பயின்று பின்னர் உடன்பணியாளராகிய மிஷேல் நுஸ்ஸென்ஸ்வைக் எழுந்து பேசினார். ஆசிரியர் கண்டதை மாணவர் உலகுக்கு எடுத்துரைத்தார். மேற்கோள் என்பதன் உண்மையான பொருளே அதுதான் அன்றோ? இன்னாரிடமிருந்து பெற்றேன் என்று வாய் திறந்து சொல்லுதல்.

இல்லத்தில் நாம் செய்யத்தக்கது

வாசகப் பெற்றோரே, இக்கதையிலிருந்து நம் வீடுகளுக்கு இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, எண்ணைக் கண்டு பிள்ளைகளை உயர்த்தவும் தாழ்த்தவும் விரையாதிருத்தல். மதிப்பெண் ஆயினும், சம்பளம் ஆயினும், மேற்கோள் கணக்கு ஆயினும், எண் என்பது நேற்றைய செய்தியைச் சொல்வது. இன்று ஊன்றிய விதையை அது அறியாது. 1980-ஆம் ஆண்டில் ஸ்டைன்மனின் வீட்டார் மேற்கோள் அட்டவணையை மட்டும் நம்பியிருந்தால், ‘இத்தனை ஆண்டு பாடுபட்டும் யாரும் கேட்கவில்லையே, வேறு வேலை பார்’ என்று சொல்லியிருக்கலாம். ஆய்வு செய்யும் மகனிடமோ மகளிடமோ, “எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்?” என்று கேட்பதை விட்டு, “நீ கண்டது என்ன? எனக்கும் விளங்கும்படி சொல்” என்று கேட்போம். அக்கேள்வி அவர்களுக்குத் தெம்பளிக்கும். நமக்கும் அறிவு வளரும்.

இரண்டாவது, நாம் பட்ட கடனைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுதல். விஞ்ஞானி தம் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் செய்வதை நாம் அன்றாட வாழ்வில் செய்யலாம். எழுத்தறிவித்த ஆசிரியர், தொழில் கற்பித்த மூத்தவர், இக்கட்டில் கைகொடுத்த அண்டை வீட்டார், நமக்கு முன் அடுப்படியில் வெந்த பாட்டி ஆகியோரின் பெயரைப் பிள்ளைகளின் முன் சொல்லுவோம். அவர்கள் உயிருடன் இருக்கும்போதே சொல்லுவோம்.

ஸ்டைன்மனுக்கு அச்செய்தி மூன்று நாள் பிந்தி வந்தது. நம் நன்றியைச் சொல்லுவதற்கு எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை. இன்று மாலையே சொல்லலாம்.